முப்பது தலைக்கட்டு

மராத்தி ஊரான போசரியில் வாடகைக்கு வீடு பார்த்தபோது தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், கரண்ட் எப்போது போகும், சிஞ்ச்வட் ஸ்டேஷனுக்கு ரிக்ஷா கிடைக்குமா என்றெல்லாம் விவரமாகத்தான் கேட்டேன். வீட்டுக்கார அம்மாவுக்குச் சங்கம் ஏதாவது உண்டா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேறு வீடு பார்த்திருப்பேன். கோயம்புத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த எனக்கு, ஒரு சாவுச் சங்கம் இரண்டாக உடைந்ததற்குச் சட்டம் டைப் அடித்துக் கொடுத்தவள் என்ற பேர் எதற்கு?

வீட்டுக்கார அம்மாவின் பெயர் மங்கையர்க்கரசி. ஐம்பத்திரண்டு வயது. எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. அச்சில் அடித்து விழும் தகடுகளை அளவு கேஜ் வைத்துப் பார்த்து, தேறினது ஒரு தொட்டி, தேறாதது ஒரு தொட்டி என்று பிரித்துப் போட வேண்டும். பதினெட்டு வருஷமாக இதையே செய்வதால் மனிதர்களையும் அப்படியே பிரித்துப் போடும் பழக்கம் வந்துவிட்டது. புருஷன் ராஜா ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ரஞ்சன்காவ் பக்கம் வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டார். அவர் எந்தத் தொட்டி என்று சொல்ல வேண்டியதில்லை. கீழ் வீட்டில் நான் அக்கா என்று கூப்பிடும் அவள், அவளுடைய எண்பத்தொரு வயது அப்பா பாலசுப்ரமணியன், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் மகள் கிருஷ்ணப்ரியா. மேலே ஒற்றை அறையில் நான்.

சங்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் கட்கியில் ராணுவத்துக்குக் குண்டு செய்யும் ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி வேலைக்கு வந்த திருநெல்வேலிக்காரர்கள் ஆரம்பித்தது. காரியம் ஒன்றே ஒன்றுதான். சாவு விழுந்தால் தூக்குவது. வண்டி, மூங்கில், சங்கு, பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு அண்டா குண்டா, தோள் கொடுக்க எட்டு ஆள். ஊர் விட்டு ஊர் வந்தவனுக்குப் பங்காளி கிடைக்க மாட்டான் இல்லையா, அதற்காக. ஒவ்வொரு தலைக்கட்டும் வருஷா வருஷம் வரி கட்ட வேண்டும். தலைக்கட்டு என்றால் தனி அடுப்பு எரிகிற ஒரு குடும்பம். பிள்ளைகள் தலையெடுத்து லேத்து, பிரஸ் என்று போசரிப் பக்கம் குடிவந்த பிறகும் வரி கட்கிக்குத்தான் போனது. கமிட்டியில் ஒன்பது பேர், ஒன்பதும் கட்கி. போசரிக்காரர்கள் ஒரு ஆள் கேட்டுப் பதினைந்து வருஷமாக மனுக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பதில் வந்திருக்கிறது.

ஆஷாட மாத மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, எங்கள் கல்லிச் சந்தின் முனையில் இட்லிக்கடை வைத்திருக்கும் பேச்சித்தாயின் புருஷன் இறந்துபோனார். வண்டிக்குக் கட்கி தலைவர் சந்தானம் கையெழுத்து வேண்டும். சந்தானத்துக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. பையன்கள் இரண்டு பேர் பைக்கில் போனார்கள். தலைவர் காலையில் பேங்குக்குப் போயிருக்கிறார் என்றார்கள். மத்தியானம் போனார்கள். சாப்பிட்டுப் படுத்துவிட்டார், நாலு மணிக்கு எழுப்பலாம் என்றார்கள். ஒற்றை அறை வீட்டில், கூரை ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்து, உடம்பைச் சுவரோரமாய் நகர்த்தி நகர்த்திப் போட்டுப் பத்து மணி நேரம். பேச்சித்தாய் அழுது முடித்துவிட்டாள். அழுகைக்கும் ஒரு அளவு உண்டு. அதற்கப்புறம் அவள் வெறுமனே ஈ விரட்டிக்கொண்டிருந்தாள்.

அக்கா அரை நாள் லீவு போட்டவள் முழு நாளும் போனதில் கொதித்துப்போய் வந்தாள். மழையில் நனைந்த சேலையைக்கூட மாற்றவில்லை.

"வரிய மட்டும் தேதி தவறாம வாங்குதாவல்லா. பொணம் தூக்க அவுக தூக்கம் கலையணுமாம். இனிமே அவுக சகவாசமே வேண்டாம். பிரிஞ்சிருவோம்."

உள்ளேயிருந்து அப்பா இருமினார். அவருக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. நாற்பத்தாறு வருஷம் வரி கட்டியவர். சங்கத்தின் முதல் வண்டிக்கு மாலை போட்ட போட்டோவில் ஓரத்தில் நிற்கிறவர். போன மழைக்கு நெஞ்சில் நீர் கோத்துப் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்ததிலிருந்து அவருக்கு ஒரே கேள்விதான். காலையில் பாவ் ரொட்டியைச் சாம்பாரில் நனைத்துக் கொடுத்தாலும் கேட்பார், ராத்திரி கருவாட்டுக் குழம்பு ஊற்றினாலும் கேட்பார்.

"நான் செத்தா யாரு தூக்குவா?"

"கட்கிக்காரன் முழிச்சிருந்தா அவன் தூக்குவான்" என்பாள் அக்கா. "இல்லாட்டி மறுநா."

கிருஷ்ணப்ரியாவுக்குத் தமிழ் திக்கித் திக்கித்தான் வரும். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பரீட்சைக்கான இங்கிலீஷ் கைடில் அந்த வாரம் அவள் படித்தது அமெரிக்கா எப்படி இங்கிலாந்திடமிருந்து பிரிந்தது என்ற பாடம். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்களுக்கு அதை ஒப்பித்தாள். முதலில் மனு, அப்புறம் வரி கட்டமாட்டோம் என்ற பிடிவாதம், அப்புறம் எல்லாரும் கையெழுத்துப் போட்ட அறிக்கை, அப்புறம் புதுச் சட்டம். "சேம் டு சேம் மம்மி, இதேதான்" என்றாள். அக்கா அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. வாங்கியிருக்கிறாள் என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. கல்லி கல்லியாய்க் கையெழுத்து வாங்கக் கிளம்பிவிட்டாள்.

சங்கத்தின் பழைய நோட்டில் ஒரு விதி இருந்தது. ஒரு கிளை பிரிய வேண்டுமென்றால் முப்பது தலைக்கட்டு கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப் போட்டால் கட்கி ஒரு வண்டியும் பாதிப் பாத்திரமும் கொடுத்து அனுப்ப வேண்டும். அந்த முப்பதைத் தேடி அக்கா ஐந்து வாரம் அலைந்தாள். வேலை விட்டு வந்து, சோற்றை வடித்து வைத்துவிட்டு, குடையும் நோட்டுமாய்ப் போவாள். சேற்றில் செருப்பு அறுந்தால் கையில் தூக்கிக்கொண்டு போவாள். ஷிஃப்டுக்குப் போனவன் வரும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பாள். என்னையும் இரண்டு நாள் இழுத்துப்போனாள். படித்த பெண் கூட வந்தால் மரியாதையாம். எனக்கு ஆபீசில் அந்த வாரம் தலைக்கு மேல் வேலை. ஆனால் அக்காவிடம் முடியாது என்று சொல்வது ஓடுகிற பிரஸ்ஸுக்குள் கையை விடுவது மாதிரி.

செயலாளர் என்று ஒருவர் வேண்டுமே, அதற்கு ரமேஷைப் பிடித்தார்கள். முப்பத்தெட்டு வயது, சொந்தமாய் இரண்டு லேத்து, வெள்ளைச் சட்டை, நல்ல பேச்சு. கெட்டவர் என்று சொல்ல முடியாது. அக்காவை அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவார். மூன்றாவது வாரம் எண்ணிப் பார்த்தபோது இருபத்து மூன்று ஆண்கள்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மிச்சப் பேர் கட்கிக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். அப்போது வழி சொன்னதும் ரமேஷ்தான். "பொம்பளைய தனியா குடும்பம் நடத்துத வீடு பத்துப் பன்னெண்டு இருக்குல்லா அக்கா? அவங்களும் வரி கட்டுதாங்க. அவங்க கையெழுத்தையும் சேத்துக்கிடுவோம், எண்ணிக்கை காணும், முப்பதத் தாண்டிரும்."

அப்படிச் சேர்ந்தது பதினொன்று. ஏழு பேர் புருஷனை இழந்தவர்கள், பேச்சித்தாயும் அதில் ஒருத்தி. நாலு பேர் புருஷன் எங்கேயோ இருக்க, தாங்களே குடும்பத்தை ஓட்டுகிறவர்கள். அந்த நாலில் கடைசியாக அக்கா தன் கையெழுத்தைப் போட்டாள். மொத்தம் முப்பத்து நாலு.

இதற்கு நடுவில் அப்பாவையும் கட்கிப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. பிரிகிற வீட்டில் யாரும் அங்கே பேர் வைத்திருக்கக் கூடாது என்று சந்தானம் சொல்லிவிட்டார். விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட அப்பா மூன்று நாள் எடுத்துக்கொண்டார். பேனா எழுதவில்லை என்றார். கண்ணாடி சரியில்லை என்றார். இன்றைக்கு அஷ்டமி என்றார்.

"நாப்பத்தாறு வருசம் கட்டுன சங்கத்த விட்டுட்டு வரச் சொல்லுத. நாளைக்கு உன் புதுச் சங்கம் தூக்குமா?"

"தூக்கும். நான் சொல்லுதேன்லா. போடுங்க."

போட்டார். போட்டுவிட்டு அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

என் பங்கு இங்கேதான் வருகிறது. புதுச் சங்கத்துக்கு விதிகள் வேண்டும், தமிழில் டைப் அடிக்க ஆள் இல்லை. ரமேஷ் பழைய நோட்டை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். கட்கி என்று வருகிற இடத்தில் எல்லாம் போசரி என்று மாற்றினால் போதும் என்றார். மாற்றினேன். ஒரு நிமிஷ வேலை. பிறகு நாலாவது விதியைக் காட்டினார். "தனி அடுப்பு எரித்து வரி கட்டுவோர் தலைக்கட்டு" என்று பழைய நோட்டில் இருந்தது. இது தெளிவாக இல்லை, நாளைக்குத் தகராறு வரும், நாம் படித்தவர்கள், தெளிவாகப் போட்டுவிடலாம் என்றார். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். தனி அடுப்பு எரித்து வரி கட்டும், திருமணமான ஆண். ஒரு பக்கம் ஆபீஸ் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு காதில் அது, ஒரு காதில் ரமேஷ். ஆண் என்று அடித்தது என் விரல்தான். நான் ஒரு பெண் என்பதோ, கீழ் வீட்டில் ஐந்து வாரமாய் அலைந்தவள் ஒரு பெண் என்பதோ அந்த நிமிஷம் என் புத்தியில் உறைக்கவே இல்லை. இன்றைக்கும் நினைத்தால் என்னை நானே ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருக்கிறது.

பழைய நோட்டை எழுதியவர்கள் அறுபது வருஷத்துக்கு முந்தைய மனிதர்கள். பெண்களைச் சேர்க்கிற எண்ணம் அவர்களுக்கும் இருந்திருக்காது. ஆனால் கூடாது என்று எழுதவும் இல்லை. விடுதலை வாங்கப் போகிற நாங்கள் உட்கார்ந்து, யோசித்து, எழுதி வைத்தோம்.

புதுச் சங்கத்தின் ஏழு பேர் கமிட்டி அதை ஒரே மூச்சில் பாஸ் செய்தது. மறுநாள் உறுப்பினர் பட்டியலின் நகல் வீட்டுக்கு வந்தது. அக்கா அடுப்பில் சட்டியை வைத்துக்கொண்டே வாங்கிப் பார்த்தாள். எங்கள் வீட்டு எண்ணுக்கு நேராக ராஜா என்று இருந்தது. ரஞ்சன்காவில் இருக்கிற அதே ராஜா. அவருக்குக் கீழே சார்ந்தோர் என்று கிருஷ்ணப்ரியா பெயர். அக்கா பெயர் அதற்கும் கீழே. அப்பாவின் பெயர் எங்குமே இல்லை.

சட்டியில் தாளித்தது கருகிப்போனது. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு ரமேஷுக்குப் போன் போட்டாள். அவர் நேரிலேயே வந்துவிட்டார், அதைச் சொல்ல வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து, டீ குடித்து, பொறுமையாக விளக்கினார். ராஜா அண்ணன் இன்னும் சட்டப்படி புருஷன்தானே, விவாகரத்து ஆகவில்லையே. அவர் பேரில்தான் தலைக்கட்டு வரும். அப்பா மகள் வீட்டில் இருக்கிறார், அவருக்குத் தனி அடுப்பு இல்லை. மருமகனுக்குக் கீழே மாமனாரைப் போடுவது வழக்கம் இல்லை.

"அப்ப எங்கப்பா செத்தா?" என்றாள் அக்கா.

"ராஜா அண்ணன் ஒரு கையெழுத்துப் போட்டா வண்டி வந்துரும் அக்கா."

"அவனத் தேடி நான் ரஞ்சன்காவுக்குப் போகணும். பொணத்தப் போட்டுட்டு."

"எல்லாத்துக்கும் ஒரு வழி இருக்குக்கா." ரமேஷ் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்பாவுக்குத் தனியா ஒரு அடுப்பு வாங்கி பால்கனியில வச்சிருங்க. ஒரு நேரம் கஞ்சி காச்சுனாக்கூடப் போதும். அப்ப அவரு தலைக்கட்டு ஆயிருவாரு. நீங்க அவருக்குக் கீழ வந்துருவிய. யாரும் கேள்வி கேக்க முடியாது."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் நல்லது செய்கிறவனின் திருப்தி இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அக்கா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்பாதான் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்து, சிங்கிள் பர்னரா டபுள் பர்னரா என்று கேட்டார்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் அடுப்புச் சண்டை. எண்பத்தொரு வயதில், தீப்பெட்டி உரசினாலே கை நடுங்குகிற மனுஷர், தனக்கு அடுப்பு வேண்டும் என்று நின்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவருக்கு வேண்டியது எட்டுத் தோள். அதை எந்த வாசல் வழியாக வாங்கினால் என்ன? அக்கா ரமேஷிடம் மூன்று முறை போய் நாலாவது விதியை மாற்றச் சொன்னாள். மூன்று முறையும் ஒரே பதில். முதலில் பிரிவோம், வண்டி கைக்கு வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். நம் சண்டை கட்கிக்காரனுக்குத் தெரிந்தால் சிரிப்பான்.

கிருஷ்ணப்ரியா கைடைப் புரட்டிவிட்டு, "மம்மி, அமெரிக்காவுலயும் அப்படித்தான்" என்றாள். "ஃப்ரீடம் வாங்குன பிறகு லேடீஸுக்கு ஓட்டு குடுக்க நூத்தி நாப்பது வருஷம் ஆச்சு. ஜானே தோ, விட்டுரு."

"அம்புட்டு நாளு எங்கப்பா இருக்க மாட்டாரு" என்றாள் அக்கா.

பாகம் பிரிக்கிற கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, கட்கி ஹாலில். அன்று காலை அக்கா மாடி ஏறி வந்து புது விதிகளில் ஒரு பிரதி வேண்டும் என்றாள். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டேன். "வச்சுக்கிடுதேன்" என்றாள். கையெழுத்துப் போட்ட முப்பத்து நாலு பேரும் இரண்டு டெம்போவில் ஏறினோம். கூட்டக் குறிப்பு எழுத நான். வரவேண்டாம் என்று சொல்லியும் அப்பா வேஷ்டி மாற்றி முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். பேச்சித்தாய் மட்டும் வரும்போதே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். ஞாயிறு சாயங்காலம் அவளுக்கு நல்ல வியாபாரம், ஆட்டி வைத்த மாவு பொங்கிக் கிடக்கிறது, ஒரு மணிக்குள் விடுவார்களா?

ஹாலில் ஈர வாசனை, வரிசையாய் பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஓரத்தில் டீயும் வடாபாவும். சந்தானத்துக்கு எழுபத்தைந்து வயது. ஃபேக்டரி ஸ்டோரில் கீப்பராய் இருந்து ரிட்டையர் ஆனவர். ஒரு போல்ட்டைக்கூட இரண்டு முறை எண்ணி வாங்குகிற ஆள். அவர் முன்னால் இரும்பு அண்டாக்கள், கரண்டிகள், மேஜை மேல் வண்டிச் சாவி. எல்லாம் சுமுகமாகவே போனது. அவர் கையெழுத்துப் பட்டியலை எடுத்து, முப்பத்து நாலு இருக்கிறது, முப்பது போதும் என்று சொல்லிச் சாவியை எடுக்கப்போன நேரத்தில் அக்கா எழுந்தாள். நேராகப் போய், கொண்டுவந்த பிரதியை அவர் முன்னால் வைத்து நாலாவது விதியில் விரலை வைத்தாள்.

"அண்ணாச்சி, இத ஒரு தடவ சத்தமா வாசிங்க."

சந்தானம் கண்ணாடியை மாட்டி வாசித்தார். திருமணமான ஆண் என்ற இடத்தில் குரல் மெதுவானது. பிறகு கையெழுத்துப் பட்டியலைப் பார்த்தார். பிறகு ரமேஷைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை அவர் மறைக்கவும் இல்லை.

"உங்க சட்டப்படி பொம்பளைய தலைக்கட்டு இல்ல. இதுல பதினோரு பொம்பளை கையெழுத்து இருக்கு. அப்ப எனக்குக் கணக்கு இருபத்து மூணு. பிரிவினை செல்லாது தம்பி."

ஹாலில் இரண்டு பக்கமும் கசமுசா என்று பேச்சு எழுந்தது. ரமேஷ் அக்காவைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட வியப்புதான் இருந்தது. இப்படியும் ஒருத்தி தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வாளா என்கிற மாதிரி. கமிட்டி ஆட்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு ரமேஷ் தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னார். புருஷனை இழந்தவர்கள் புருஷன் இடத்தில் இருக்கிறார்கள், ஆகையால் அவர்களைத் தலைக்கட்டாகவே எடுத்துக்கொள்கிறோம், அது விதிவிலக்கு.

"எத்தனை பேரு?"

"ஏழு."

சந்தானம் விரல் விட்டு எண்ணினார். இருபத்து மூன்றும் ஏழும் முப்பது. துல்லியமாய் முப்பது. கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் அதை ஒப்புக்கொண்டார். ஏழு பெயரையும் ஒவ்வொன்றாய் வாசித்து, இது தலைக்கட்டா என்று கேட்க, ரமேஷ் ஆமா, ஆமா என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஏழாவது பெயர் பேச்சித்தாய். அதற்கும் ஆமா. முப்பது ஆயிற்று, மிச்சம் தேவையில்லை என்று சந்தானம் பட்டியலை மடித்தார்.

மிச்சம் என்றால் நாலு பேர். அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். ஐந்து வாரம் சேற்றில் நடந்து அவள் வாங்கிய விடுதலை, அவள் பெயரை வாசிக்காமலே கிடைத்துவிட்டது. அக்கா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரமேஷ் சாவியை வாங்க மேஜையை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஏய்யா, கொஞ்சம் நில்லு."

சொன்னது பேச்சித்தாய். அவள் பொது இடத்தில் பேசி யாரும் கேட்டதில்லை. எழுந்துகூட நிற்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேசினாள். குரலில் அலுப்பைத் தவிர வேறெதுவும் இல்லை.

"எம் புருசன் செத்துப்போனதுனால நான் தலைக்கட்டு. இவ புருசன் சாகாம ஓடிப்போனதுனால இவ இல்ல. இது என்ன கணக்குன்னு எனக்கு வெளங்கல. நாலு பேரையும் வாசிங்க. இல்லாட்டி எம் பேர அடிச்சிருங்க. எனக்கு அங்க மாவு புளிச்சிக்கிட்டுக் கெடக்கு."

சந்தானம் மடித்த பட்டியலை மறுபடி விரித்தார். பேனாவை எடுத்தார். "அடிச்சா இருபத்தொன்பது" என்று ரமேஷிடம் சொன்னார். அவ்வளவு மரியாதையாக அவர் யாரிடமும் பேசி நான் பார்க்கவில்லை.

ரமேஷ் பேச்சித்தாயிடம் சமாதானமாய் ஏதோ சொல்லிப் பார்த்தார். இங்கே வேண்டாம், அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம், முதலில் வண்டியை வாங்கிவிடுவோம். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மணி என்ன என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள். பக்கத்திலிருந்தவள் பன்னிரண்டே கால் என்று சொல்லிவிட்டு, அப்படியானால் என் பெயரையும் அடித்துவிடுங்கள் என்றாள். இருபத்தெட்டு.

நான் கூட்டக் குறிப்பில் எண்களை அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தேன்.

"சரி" என்றார் ரமேஷ். யாரையும் பார்க்காமல் சொன்னார். "நாலும் தலைக்கட்டுதான்."

"மொத்தமா எல்லாம் எனக்கு வேண்டாம்" என்றார் சந்தானம். "ஒவ்வொண்ணாச் சொல்லு. நாளைக்கு இல்லன்னு வந்து நிப்பிய."

வாசித்தார். ஒன்றுக்கு ஆமா, இரண்டுக்கு ஆமா, மூன்றுக்கு ஆமா. நாலாவதாக, "மங்கையர்க்கரசி. புருசன் ராஜா, உயிரோட இருக்கான். இது தலைக்கட்டா?" என்று கேட்டார்.

ரமேஷ் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "ஆமா."

"அப்ப நாலாவது விதியில இருக்க 'ஆண்'?"

"அடிச்சிருதோம் அண்ணாச்சி."

பேனாவை ரமேஷே வாங்கி அந்தச் சொல்லை அடித்தார். எனக்கு அதைப் பார்க்க நன்றாக இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. அக்கா சிரிக்கவில்லை. சிரிக்கிற தெம்பு அவளிடம் மிச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். எல்லாம் முடிந்தது என்று ஆட்கள் அண்டாக்களை நகர்த்த ஆரம்பித்தார்கள்.

அப்போது அப்பா எழுந்தார். கம்பை ஊன்றி மேஜை வரை நடக்க அவருக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது. எல்லாரும் காத்திருக்க வேண்டியதாயிற்று. போய் நின்று மூச்சு வாங்கினார்.

"சந்தானம், என் பேரு எங்க இருக்கு?"

"ஓம்ம பேரா? நீருதான் எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டீரே."

"போயிட்டேன். இப்ப எங்க?"

சந்தானம் ரமேஷைப் பார்த்தார். ரமேஷ் என்னைப் பார்த்தார். என்னிடம் என்ன இருக்கிறது, பேப்பரும் பேனாவும்தான். கடைசியில் சந்தானமே சொன்னார். "தனி அடுப்பு இல்லாதவரு அடுப்பு உள்ள வீட்டுத் தலைக்கட்டுக்குக் கீழ. ஓம்ம மக தலைக்கட்டு. நீரு அவளுக்குக் கீழ."

அப்பா அதை அங்கேயே நின்று யோசித்தார். நாற்பத்தாறு வருஷம் வரி கட்டிய மனுஷர், வண்டிக்கு மாலை போட்டவர். ஹாலில் பாதிப் பேர் அவர் கண் முன்னால் பிறந்தவர்கள்.

"அவளுக்குக் கீழன்னா, வண்டி வருமா?"

"வரும்."

"ஆளு?"

"எட்டுப் பேரு. விதியில இருக்கு."

"எழுது" என்று என்னிடம் சொன்னார். குனிந்து, நான் எழுதுவதை எழுத்து எழுத்தாய்ப் பார்த்தார். மங்கையர்க்கரசி, தலைக்கட்டு. அதற்குக் கீழே, சார்ந்தோர், பாலசுப்ரமணியன். எழுதி முடிக்கிறவரை கம்பை இறுக்கிப் பிடித்திருந்தார். பிறகு மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், கோபத்திலா எதிலா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏளா, இனிமே வரி நீதான் கட்டணும்" என்றார்.

"ஒம்போது வருசமா நாந்தான்ப்பா கட்டுதேன்" என்றாள் அக்கா.